ஒகேனக்கல்லுக்கு கேரவனில்: 71 வயது மாமியாரைப் பரிசலில் ஏற்றலாமா?

அல்சூர்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். ஆயுத பூஜை லீவுல மூணு நாள் ஒகேனக்கல் போறதா இருக்கோம். வாடகை கேரவன், டிரைவரோட. நாங்க ரெண்டு பேர், என் அத்தை (மாமியார், வயசு 71), பசங்க ரெண்டு பேர் (11, 6).

கேரவன் எதுக்குன்னு வீட்டுலயே எல்லாரும் கேட்டாங்க. காரணம் அத்தையோட முட்டிதான். கீழ உட்கார்ற டாய்லெட் அவங்களால முடியாது. ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் போகணும். அதனாலயே நாலு வருஷமா எந்த ஊருக்கும் வரமாட்டேன்னுட்டாங்க. வண்டியிலயே வெஸ்டர்ன் டாய்லெட், படுக்க இடம் எல்லாம் இருக்குன்னு போட்டோ காட்டினப்போதான், "அப்ப ஒகேனக்கல் போலாமா"ன்னு அவங்களே கேட்டாங்க.

அத்தை பிறந்தது பாலக்கோடு. கல்யாணமாகி பெங்களூர் வந்தவங்க, மாமா பின்னி மில்லுல இருந்தார். சின்ன வயசுல ஆடிப் பதினெட்டுக்கு வருஷா வருஷம் ஒகேனக்கல் போயிருக்காங்க. ஆனா பரிசல்ல ஒரு தடவைகூட ஏறினதில்ல. பொம்பளைப் பிள்ளைங்களை ஆத்து நடுவுல விடமாட்டேன்னு அவங்கப்பா கரையிலயே நிறுத்திடுவாராம். அண்ணன் தம்பி எல்லாம் போய்ட்டு வந்து கதை சொல்வாங்களாம். அந்த ரெண்டு பாறைக்கு நடுவுல போறதை ஒரு தடவை பார்க்கணும்னு சொல்றாங்க.

என் சந்தேகங்கள்:

முட்டி வலியோட பரிசல்ல ஏறி உட்கார முடியுமா? 6 வயசுப் பையனைக் கூட்டிட்டுப் போகலாமா? ராத்திரி வண்டியை எங்க நிறுத்துறது? ஓசூர்ல இருந்து அஞ்செட்டி வழி கிட்டன்னு மேப் காட்டுது, அதுல இவ்வளவு பெரிய வண்டி போகுமா? போயும் தண்ணி அதிகம்னு பரிசலை நிறுத்திட்டா அத்தைகிட்ட என்ன சொல்றதுன்னு அதுவும் ஒரு கவலை.

போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க, ப்ளீஸ்.

பென்னாகரத்துக்காரன்:

அக்கா, என் ஊர் பென்னாகரம். பதினாறு வருஷமா ராமமூர்த்தி நகர்ல எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறேன். என் தாய்மாமன் ஒகேனக்கல்லை ஒட்டின ஊட்டமலையில பரிசல் ஓட்டுறார், அவருக்கு முன்னாடி அவரோட அப்பாவும் அதேதான். அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல உங்க கடைசிக் கவலைக்கு வரேன், மத்த எல்லாமே அதுலதான் இருக்கு. பரிசல் உண்டா இல்லையாங்கிறதை ஒகேனக்கல் தீர்மானிக்கிறதில்ல. கொடகுல பெய்யுற மழையும், கே.ஆர்.எஸ். (கிருஷ்ணராஜ சாகர்), கபினி அணையில திறக்குற தண்ணியும் தீர்மானிக்குது. அங்க திறந்த தண்ணி இங்க வர ரெண்டு மூணு நாள் ஆகும். தமிழ்நாடு-கர்நாடக எல்லையில பிலிகுண்டுலுன்னு ஒரு இடம், அங்க மத்திய நீர் ஆணையம் தண்ணியை அளக்குது. தினமும் காலைல செய்தியில "ஒகேனக்கல் நீர்வரத்து வினாடிக்கு இவ்வளவு கன அடி"ன்னு சொல்றாங்களே, அதுதான். ஒரு கன அடின்னா 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல. 8,000 கன அடின்னு படிச்சா, ஒரு வினாடியில ரெண்டேகால் லட்சம் லிட்டர் உங்க கண்ணு முன்னாடி ஓடுதுன்னு அர்த்தம். இப்படி யோசிச்சுப் பாருங்க, எதுக்குத் தடை போடுறாங்கன்னு புரியும்.

தடை போடுறதும் எடுக்குறதும் மாவட்ட நிர்வாகம். அதனால கிளம்புறதுக்கு நாலு நாள் முன்னாடி இருந்தே கே.ஆர்.எஸ். நிலவரத்தைப் பாருங்க. அணை 124.80 அடி. நிரம்பி இருக்கிற நேரத்துல கொடகுல மழைன்னா, வர்ற தண்ணியை அப்படியே வெளியே விடுவாங்க. ஆயுத பூஜை சமயத்துல இன்னொண்ணும் இருக்கு. அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், ராசிமணல் காட்டுல சாயங்காலம் ஒரு மழை அடிச்சா, அந்த ஓடைத் தண்ணியெல்லாம் ராத்திரியோட ஆத்துக்கு வந்துடும். அணையில ஒண்ணுமே திறக்காம இருந்தாலும் காலைல தண்ணி செம்மண் நிறத்துல ஏறி இருக்கும்.

இப்ப அம்மா விஷயம். பரிசல்னா பெரிய மூங்கில் கூடை, அவ்வளவுதான். ஏழடி அகலம் இருக்கும். எங்க தாத்தா காலத்துல அடியில தோல் கட்டுவாங்க, இப்ப பிளாஸ்டிக் சாக்கும் தாரும். பெஞ்சு கிடையாது, அடியிலதான் உட்காரணும், காலை நடுவுல நீட்டி. முட்டி மடக்க முடியாதவங்களுக்கு நீட்டி உட்கார்றது ஒருவகையில சுலபம்தான். கஷ்டம் ஏறுறதுலயும் இறங்குறதுலயும். விளிம்புல காலை வெச்சா பரிசல் சாயும். ரெண்டு பேர் விளிம்பைப் பிடிச்சுக்கணும், அம்மா நேரா நடுவுல காலை வைக்கணும், பரிசல்காரர் தோளைப் பிடிச்சுட்டு மெதுவா உட்காரணும். வீட்டுல இருந்து ஒரு கெட்டியான ஜமுக்காளத்தை நாலா மடிச்சு எடுத்துட்டு வாங்க. மூங்கில் முடிச்சு உறுத்தும்.

எந்தத் துறையில இருந்து விடுறாங்கங்கிறது தண்ணியைப் பொறுத்து மாறும். சின்னாறு, கோத்திக்கல், மாமரத்துக்கடவுன்னு துறைகள் இருக்கு. பரிசல் டிக்கெட் கவுண்டர்லயே "முட்டி வலி, படி கம்மியா இருக்கிற துறை எது"ன்னு கேளுங்க. வெட்கப்படாம கேளுங்க, தினமும் யாராவது கேக்குறதுதான்.

பாறைக்கு நடுவுல போறப்போ என்ன இருக்கும்னு அம்மாகிட்ட சொல்லி வைங்க. மேல அருவி அவ்வளவு சத்தமா இருக்கும், பாறை இடுக்குல நுழைஞ்சதும் அந்தச் சத்தம் திடீர்னு பின்னால போயிடும். துடுப்பு தண்ணியைத் தொடுற சத்தம் மட்டும் கேக்கும். ரெண்டு பக்கமும் செங்குத்தா கல். ஒகேனக்கல் பக்கத்துக் கார்பனடைட் (பூமிக்குள்ள உருகி உறைஞ்ச ஒரு வகைச் சுண்ணாம்புக் கல்) பாறைக்கு வயசு சுமார் 240 கோடி வருஷம்னு புவியியல்காரங்க சொல்றாங்க, நம்ம நாட்டுல ரொம்பப் பழசுல ஒண்ணு. எதிர்ல இன்னொரு பரிசல்ல சோளப்பொரி, கூல்டிரிங்க்ஸ் வெச்சு விக்க வருவாங்க. கையை நீட்டி வாங்காதீங்க, அவங்க பரிசலை ஒட்டி நிறுத்தினப்புறம் வாங்குங்க. எல்லாரும் ஒரே பக்கம் சாயுறதுதான் ஆபத்து.

ஏறும்போதே பரிசல்காரர்கிட்ட ஒண்ணு சொல்லிடுங்க: "சுத்த வேண்டாம்ணா, வயசானவங்க இருக்காங்க." நிறைய பேர் ஆசைப்பட்டுக் கேக்குறாங்கன்னு பரிசலைப் பம்பரம் மாதிரி சுத்தி விடுவாங்க.

லைஃப் ஜாக்கெட் கட்டாயம். பெரியவங்க அளவு எல்லாருக்கும் கிடைக்கும். 6 வயசுப் பையனுக்குச் சரியா இருக்கிறது கிடைக்குமான்னு எனக்கு நம்பிக்கை இல்ல. பெங்களூர்லயே அவன் எடைக்குத் தகுந்த ஒண்ணு வாங்கிடுங்க, தொடை இடுக்கு வழியா பட்டை போற மாதிரி. தோள்பட்டையைப் பிடிச்சுத் தூக்கிப் பாருங்க. தலை உள்ள போனா அந்த ஜாக்கெட் வேண்டாம்.

கடைசியா ஒண்ணு, இதைக் கெஞ்சிக் கேக்குறேன். தடை இருக்கிற அன்னைக்கு யாராவது ரோட்டுல வந்து, "நான் கூட்டிட்டுப் போறேன், கொஞ்ச தூரம்தான்"னு சொன்னா போகாதீங்க. தடைன்னா எங்க ஆளுங்க வீட்டுல அன்னைக்கு வருமானம் கிடையாது. மாசக்கணக்கா நீண்ட வருஷமும் உண்டு. எங்க மாமா வீட்டுல அத்தை தோட்டக் கூலிக்குப் போனதை நான் பார்த்திருக்கேன். அவங்க கூப்பிடுறது வயித்துக்காக. ஆனா அந்தத் தண்ணியில என் மாமாவே கூப்பிட்டாலும் நீங்க ஏறக்கூடாது.

தங்கவயல்பொண்ணு:

பரிசல் பத்தி அண்ணன் சொல்லிட்டார். நான் வண்டி பத்தி மட்டும். எங்கப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தப்புறம் ரெண்டு தடவை கேரவன் எடுத்திருக்கோம், ஒண்ணு ஏற்காடு, ஒண்ணு ஒகேனக்கல்.

அஞ்செட்டி வழி வேண்டவே வேண்டாம். அது முழுக்க காடு, 2014-ல அறிவிச்ச காவேரி வடக்கு வன உயிரின சரணாலயத்தை ஒட்டின பாதை. வளைவும் குறுகல், நடுவுல யானை நின்னா பின்னால எடுக்கவும் இடம் இருக்காது. அத்திப்பள்ளி, ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வரைக்கும் 44-ஆம் தேசிய நெடுஞ்சாலை, அப்புறம் பென்னாகரம். தர்மபுரியில இருந்து 46 கிலோமீட்டர். சுத்துதான், ஆனா டாய்லெட்ல அம்மா இருக்கும்போது வண்டி குலுங்காது. நீங்க கேரவன் எடுக்கிறதே அதுக்காகத்தானே.

அதுலயும் ஒரு திருத்தம். ஓடுற வண்டியில அவங்களை டாய்லெட்டுக்கு எழுந்து போக விடாதீங்க. ஒவ்வொரு தடவையும் ஓரமா நிறுத்துங்க. எங்கப்பா ஒரு பிரேக்குல விழுந்து நெத்தியில தையல் போட்டோம். ஏழு தையல்.

பென்னாகரம் தாண்டினா மலை இறக்கம். டிரைவர் புதுசுன்னா முன்னாடியே சொல்லுங்க, ரெண்டாவது கியர்ல இறங்கணும், பிரேக்கை மிதிச்சுக்கிட்டே போகக்கூடாது. உள்ள அவ்வளவு எடை ஏத்தின வண்டி. இருட்டுறதுக்குள்ள இறங்கிடணும், அந்த ரோட்டையும் யானை கடக்கும்.

ராத்திரி காட்டோரம், ஆத்தோரம் நிறுத்த விடமாட்டாங்க, நீங்களும் நிறுத்தாதீங்க. ஒகேனக்கல்ல தமிழ்நாடு ஓட்டல் இருக்கு, வேற லாட்ஜும் இருக்கு. ஒரே ஒரு ரூம் எடுத்து, வண்டியை அவங்க வளாகத்துல விட அனுமதி கேளுங்க. ரூம் டிரைவருக்கு. பகல் முழுக்க வண்டி ஓட்டினவர் சீட்டுல படுத்துத் தூங்கி, மறுநாள் மலை ஏறினா நமக்குத்தான் ஆபத்து. புக் பண்ணும்போதே "15 ஆம்ப் பிளக் பாயிண்ட் வண்டி நிக்கிற இடம் வரைக்கும் எட்டுமா"ன்னு கேட்டுடுங்க. ஒகேனக்கல் பள்ளத்துல இருக்கு, பெங்களூர் குளிர்னு நினைச்சுப் போகாதீங்க, ராத்திரி புழுங்கும். ஏசி இல்லாம அந்தத் தகர டப்பாவுல தூங்க முடியாது. எங்களுக்கு வாடகைக்குக் கொடுத்தவங்க உள் பேட்டரியை மாத்தாமலே அனுப்பிட்டாங்க. அப்பாவோட இன்சுலின் வெச்ச ஃப்ரிட்ஜ் காலைல வெந்நீர் மாதிரி இருந்தது. அதனால வண்டி எடுக்கும்போது இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, ஃப்ரிட்ஜும் லைட்டும் ஒரு மணி நேரம் ஓடுதான்னு நின்னு பாருங்க. மருந்துக்குத் தனியா ஐஸ் பெட்டி.

தமிழ்நாட்டு பர்மிட், வரி கட்டின ரசீது கையில இருக்கான்னும் பாருங்க. ஓசூர் எல்லையில ஜூஜூவாடி செக்போஸ்ட்ல நிறுத்திக் கேட்டா, பசங்களோட ஒரு மணி நேரம் நிக்கணும்.

மேல இருக்கிற காத்து ஜன்னலை மூடிட்டு இறங்குங்க. குரங்கு.

பனசங்கரி_பாலா:

கேரவனுக்குக் கொடுக்குற காசுல ரெண்டு நாள் நல்ல ஓட்டல்ல தங்கலாமே? வயசானவங்களுக்கு அதுதான் வசதி. இல்லன்னா மேகதாட்டு போங்க, கனகபுரா தாண்டி சங்கமம், பெங்களூர்ல இருந்து சுமார் 100 கிலோமீட்டர். காலைல போய் ராத்திரி வந்துடலாம். அதே காவேரி, அதே மாதிரி பாறை இடுக்கு.

பென்னாகரத்துக்காரன்:

பாலா சார், மேகதாட்டு அழகான இடம்தான், ஆனா அங்க பாறை இடுக்கை மேல இருந்துதான் பார்க்கணும். வழுக்குற கல்லுல நடந்து போகணும், முட்டி வலிக்காரங்களுக்கு அது முடியாது. அங்க ஆத்துல இறங்கி உயிர் போனவங்களும் நிறைய. இந்த அம்மா கேக்குறது உள்ள இருந்து பார்க்க. அதுக்குப் பரிசல்தான்.

அக்கா, சாப்பாடு பத்தி நீங்க கேக்கல, ஆனா சொல்லணும். வண்டியில அடுப்பு இருக்கும். ஒகேனக்கல்ல அதைப் பத்த வைக்காதீங்க. கரையில சமையல் செஞ்சு கொடுக்கிற பெண்கள் இருக்காங்க. மீனும் சாமானும் நீங்க வாங்கிக் கொடுத்தா, விறகு அடுப்புல குழம்பும் வறுவலும் செஞ்சு, சோறு வடிச்சு, இலை போட்டுப் பரிமாறுவாங்க. கூலியை முன்னாடியே பேசிடுங்க. நாள் முழுக்க புகையில நிக்கிறவங்ககிட்ட பேரம் பேசாதீங்க. கெளுத்தி கிடைச்சா வாங்குங்க. பசங்களுக்கு முள் பயம்னா கட்லா.

வண்டியோட பாத்திரம் கழுவின தண்ணி, டாய்லெட் தொட்டி எதையும் ஆத்துப் பக்கம் திறந்து விட வேண்டாம்னு டிரைவர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. கீழ மேட்டூர் வரைக்கும் அந்தத் தண்ணி போகுது, தர்மபுரி, கிருஷ்ணகிரிக்குக் குடிதண்ணியும் ஒகேனக்கல்ல இருந்துதான். பெங்களூர்ல உங்க குழாயில வர்றதும் இதே ஆறு, நாம மேல எடுத்துக்கிறோம், அவங்க கீழ எடுக்கிறாங்க.

பசங்களை ஆத்துல இறக்காதீங்க. குளிக்க அருவிக்கரையில கம்பி கட்டின இடம் இருக்கு. ஒகேனக்கல்ல முதலைகளை வளர்த்துப் பாதுகாக்கிற மையம் இருக்கு, பசங்களுக்குக் காட்டுங்க. ஆத்துலயும் முதலை உண்டுங்கிறதை அங்க வெச்சே சொன்னா மறக்கமாட்டாங்க.

அல்சூர்வாசி:

ரொம்ப நன்றி. ஒரே ஒரு கேள்வி. மூணு நாள்ல பரிசலை எந்த நாளுக்கு வைக்கிறது? கடைசி நாள் வெச்சா கிளம்புற அவசரம் இருக்குமேன்னு வீட்டுக்காரர் சொல்றார்.

பென்னாகரத்துக்காரன்:

எந்த நாளுக்கும் வைக்காதீங்க. போய்ச் சேர்ந்ததும் கவுண்டருக்குப் போங்க. அன்னைக்குத் திறந்திருந்தா அன்னைக்கே ஏறுங்க, குளிக்கிறது சாப்பிடுறது எல்லாம் அப்புறம். மூடியிருந்தா தேசநாதேஸ்வரர் கோயில், தொங்கு பாலம், முதலைப் பண்ணை. மறுநாள் காலைல முதல் ஆளா மறுபடியும் கவுண்டர். லீவு நாள்ல பத்து மணிக்கு மேல வரிசை நிக்கும், அம்மாவால நிக்க முடியாது. பேகுல ஒரு மடக்கு நாற்காலி.

அல்சூர்வாசி:

போய்ட்டு வந்தோம். கேட்டவங்களுக்காக எழுதுறேன்.

முதல் நாள் மதியம் போனா தடை. ராத்திரி அஞ்செட்டிப் பக்கம் நல்ல மழைன்னு சொன்னாங்க, தண்ணி டீ நிறத்துல இருந்தது. அத்தை ஒண்ணும் சொல்லல. தொங்கு பாலத்துக்குக் கூப்பிட்டோம், வரல. கரையில நாற்காலி போட்டு ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாங்க. "அப்பவும் இங்கதான் உட்கார வெப்பார் அப்பா"ன்னாங்க. எனக்கு மனசே சரியில்ல. அண்ணன் சொன்ன மாதிரியே ஒருத்தர் வந்து மெதுவாக் கூப்பிட்டார். வீட்டுக்காரர் ஒரு நிமிஷம் யோசிச்சார், நான் போனை எடுத்து இங்க எழுதியிருந்ததைக் காட்டினேன். போகல.

ரெண்டாவது நாளும் தடை. மூணாவது நாள் காலைல திறந்தாங்க. எட்டே காலுக்குக் கவுண்டர்ல நின்னோம். ஒரு பரிசலுக்கு எத்தனை பேர்னு கணக்கு வெச்சிருந்ததால வீட்டுக்காரரும் பெரியவனும் வேற பரிசல். நான், அத்தை, சின்னவன் ஒண்ணுல. படி இறங்கத்தான் இருபது நிமிஷம் ஆச்சு. பரிசல்காரர் கீழ இருந்து ஏறி வந்து அத்தைக்கு முன்னால பின்னோக்கி நடந்து இறங்கினார், அவர் ரெண்டு தோள்லயும் அத்தை கையை வெச்சுக்கிட்டாங்க. ஜமுக்காளம் ரொம்ப உதவினது.

உள்ள போனதும் சத்தம் அடங்கிடும்னு சொன்னீங்களே, அப்படியேதான். அத்தை பேசவே இல்ல. சின்னவன் ஏதோ கேட்டான், "பேசாத"ன்னு அவன் வாயைப் பொத்தினாங்க. ஒரு இடத்துல பரிசல்காரர் துடுப்பை மடியில வெச்சுட்டு, பாறைக்குப் பக்கமாத் தானா ஒதுங்க விட்டார். அத்தை உள்ளங்கையைப் பாறை மேல வெச்சாங்க. "சுடுது"ன்னாங்க. வெயில் அப்பதான் ஏறியிருந்தது.

திரும்பி வரும்போது, தடை நாள்ல வீட்டுல என்ன பண்ணுவீங்கன்னு அவர்கிட்ட கேட்டாங்க. சம்சாரம் கரையில சமைக்கிறான்னு சொன்னார். மதியச் சாப்பாட்டுக்கு அவங்ககிட்டதான் போனோம். கெளுத்தி கிடைக்கல, கட்லா.

வண்டி விஷயம்: நூறு லிட்டர் தண்ணி ஒன்றரை நாள்தான் வந்தது, அஞ்சு பேருக்குப் பத்தாது. 15 ஆம்ப் ஒயர் எட்டல, லாட்ஜ்காரர் எக்ஸ்டென்ஷன் கொடுத்தார், நீங்களே ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. சின்னவனோட லைஃப் ஜாக்கெட் அப்படியே புதுசா இருக்கு, 15-லிருந்து 20 கிலோ வரைக்குமானது. அல்சூர், இந்திரா நகர் பக்கம் யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, வந்து வாங்கிக்கலாம்.